கருப்பொருளும் உரிப்பொருளும்: முதியோர் இல்லத்தில் ஒரு கறி விருந்து

'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே முதற்பொருள். செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் விருந்தை வைத்ததும் இப்பொருளில்தான். பின்னர் அச்சொல் புதிதாக வந்தவரைக் குறித்தது. அதன்பின் வந்தவருக்குப் படைக்கும் உணவையும் குறிக்கலாயிற்று. உணவு கடைசியில் வந்து சேர்ந்த பொருள். மனிதரே அதற்கு முந்திய பொருள். இவ்வரிசையை மறந்து, உணவை முன்னிறுத்தி மனிதரைப் பின்தள்ளும்போது விருந்து வெறும் வேடிக்கையாக முடிகிறது. இக்கருத்தை, நம் பிள்ளைகள் பலர் இன்று பணிபுரியும் ஒரு களத்தில் வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

ஆஸ்திரேலிய நாட்டின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 'கறி இரவு' என்றொரு நிகழ்ச்சியை அவ்வப்போது நடத்துகின்றனர். இத்தாலிய உணவுக்கு ஒரு நாள், சீன உணவுக்கு ஒரு நாள் என்னும் வரிசையில் இந்திய உணவுக்கும் ஒரு நாள். உணவுக்கூடத்தில் வண்ணத் துணிகள் தொங்கும். இந்தித் திரைப்பாடல் ஒலிக்கும். பணியாளர் சேலையும் தலைப்பாகையும் அணிவர். கோழிக் குழம்பும் பருப்பும் அப்பளமும் மாம்பழ லஸ்ஸியும் பரிமாறப்படும். மேற்படிப்புக்கும் செவிலியர் பணிக்கும் சென்றுள்ள நம்மவர் பலர் இத்தகைய இல்லங்களில் வேலை செய்கின்றனர். கறி இரவு என்றதும் மேலாளரின் பார்வை இயல்பாகவே அவர்கள் பக்கம் திரும்புகிறது. "உங்கள் நாட்டு உணவுதானே, நீங்களே முன்னின்று நடத்துங்கள்" என்கின்றனர். பணிக்குச் சென்ற பிள்ளை அன்று மாலை ஒரு நாட்டின் தூதராகிவிடுகிறார்.

இத்தகைய நிகழ்ச்சி முதியோரின் சலிப்பைப் போக்கும் என்று வரவேற்போர் உளர். ஒரு பண்பாட்டைத் தோரணமாக்கித் தொங்கவிடும் செயல் என்று வெறுப்போரும் உளர். இரு சாராரும் தோரணத்தையே பேசுகின்றனர். தோரணத்தின் கீழே அமர்ந்திருக்கும் முதியவரைப் பேசுவதில்லை. கறி விருந்து வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதன் உரிமையாளர் அம்முதியவராக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லையேல் அதனை நடத்தாமல் இருப்பதே நன்று.

சொல் கடந்த வழி

கறி என்றால் இன்று நம்மூரில் ஆட்டிறைச்சி. யாழ்ப்பாணத்தில் காய்களைக் கொண்டு ஆக்குவதும் கறிதான். நம் இல்லங்களில் குழம்பை ஆணம் என்போம். புளி கரைத்தது புளியாணம், இறைச்சி இட்டது கறியாணம். சங்க இலக்கியத்திலோ மிளகுக்குக் கறி என்று பெயர். யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து, மாற்றாக மிளகைப் பெற்றுச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாடல் தெரிவிக்கிறது.

கடல் கடந்த அச்சொல் ஐரோப்பியர் நாவில் புதுப்பொருள் பெற்றது. ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1747-இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்திய முறையில் கறி சமைக்கும் குறிப்பு இடம்பெற்றுவிட்டது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810-இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்தார். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலக் 'கறி'யின் வேர் தமிழில் உள்ளதெனச் சுட்டியது. ஆஸ்திரேலியத் தீவாகிய தாஸ்மேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜோசப் கீன் என்பவர் கறித்தூள் செய்து விற்றார். அத்தூளின் பெயர் ஹோபர்ட் நகரின் மலைச்சரிவில் கற்களால் பெரிய எழுத்துகளில் அமைக்கப்பட்டிருப்பதைத் தொலைவிலிருந்தும் காணலாம்.

இவ்வரலாற்றை எடுத்துரைப்பது, 'எல்லாம் நம்மிடமிருந்து சென்றவையே' என்று மார்தட்டிக் கொள்வதற்கன்று. சென்ற சொல் சென்ற இடத்தாருக்கும் உரிமையாகிவிட்டது என்பதை உணர்வதற்கே. எண்பது வயதைக் கடந்த ஓர் ஆஸ்திரேலிய மூதாட்டியின் நினைவில் உள்ள கறி யாது? ஞாயிற்றுக்கிழமை வாட்டிய ஆட்டிறைச்சியில் மிஞ்சியதைத் திங்களன்று கறித்தூளும் ஆப்பிளும் உலர்திராட்சையும் மாவும் சேர்த்து மஞ்சள் நிறத்தில் கொதிக்கவைத்த குழம்பு. தொட்டுக்கொள்ள வாழைப்பழத் துண்டும் தேங்காய்த் துருவலும். கறித்தூள் கலந்த முட்டையை ரொட்டிக்கு இடையில் வைத்து உண்பதும், கறிக்குழம்பில் இட்ட சாசேஜும் அவர்தம் இளமைக்கால உணவுகளே.

இதனைக் கண்டு நம் இளைஞர் நகைப்பதுண்டு. "இது கறியே அன்று, உண்மையான கறியை நான் காட்டுகிறேன்" என்று காரம் தூக்கலாகச் சமைத்து வைப்பதும் உண்டு. அங்கேதான் விருந்து முறை பிறழ்கிறது. அம்மூதாட்டிக்கு அந்த மஞ்சள் குழம்பு தம் தாயின் கைமணம். ஒருவருடைய தாயின் சமையலைப் பொய் என்று சொல்வது நாகரிகமாகுமா? எனவே கறி விருந்தின் பட்டியலில் நம்முடைய கோழிக் குழம்புக்கு அருகிலேயே அந்த மஞ்சள் குழம்பும் இடம்பெற வேண்டும். சமைப்பதற்கு முன் இல்லத்தில் உள்ளோரை அணுகி, "உங்கள் வீட்டில் கறி எப்படி இருந்தது, அம்மா?" என்று ஒரு வினா எழுப்பினால் போதும். விருந்தின் பாதி அங்கேயே நிறைவேறிவிடும்.

உரிப்பொருள் இல்லாத விழா

இத்தகைய விழாக்களை ஆங்கிலத்தில் 'தீம்' விழா என்பர். அதனைக் கருப்பொருள் என்று தமிழாக்கி வருகிறோம். இலக்கணம் கற்ற மாணவர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தொல்காப்பியர் கூறும் கருப்பொருள்களின் வரிசையில் உணவு உண்டு, பறை உண்டு, யாழ் உண்டு. கறி இரவிலும் இவை அனைத்தும் உண்டு. ஆயின் அகப்பாட்டுக்கு உயிராவது உரிப்பொருளே. அதாவது மனித உள்ளத்தின் உணர்வே. முதலும் கருவும் மட்டும் அமைந்து உரிப்பொருள் அமையாத பாட்டினை எவரும் சிறந்த அகப்பாட்டு என்று கொள்ளார். கறி இரவுகள் பலவற்றின் குறையும் இதுவே.

சில எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம். முதலாவது, பொழுது. ஆஸ்திரேலிய இல்லங்கள் பலவற்றில் இரவு உணவை மாலை ஐந்து மணி அளவிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். அந்நாட்டு நிலையான பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் டிமென்ஷியா என்னும் மறதிநோய் உடையவர்கள். அந்நோயாளருள் பலருக்குப் பொழுது சாயும் வேளையில் கலக்கமும் அச்சமும் மிகுவது மருத்துவர் நன்கறிந்த ஒன்று. அந்த நேரத்தில் உரத்த இசையும் மின்னும் விளக்கும் அறிமுகமற்ற உடையணிந்த முகங்களும் சூழ்ந்தால் அவர்கள் நிலை என்னவாகும்? பெயர் கறி இரவாயினும் அதனை நண்பகலில் நடத்துவதே அறிவுடைமை.

இரண்டாவது, வேடம். பணியாளர் தம் நாட்டு உடையை விரும்பி அணிவதில் குற்றமில்லை. ஆனால் முதியவர் தலையில் காகிதத் தலைப்பாகையைக் கவிழ்த்து, நெற்றியில் பொட்டிட்டு, விளம்பரத் தாளுக்காகப் படம் எடுப்பது கண்ணியக் குறைவாகும். தாம் என்ன அணிந்திருக்கிறோம் என்பதை அறிய இயலாத ஒருவரைப் பிறர் நகைப்புக்கு உரியவராக்க நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, இடத்தின் உரிமை. பராமரிப்பு இல்லம் அங்கு வாழ்வோரின் வீடு. நாம் எட்டு மணி நேரம் பணிசெய்து திரும்புகிறோம். அவர்கள் அங்கேயே இருக்கின்றனர். ஆகவே மசாலாப் பையுடன் உள்ளே நுழையும் நாமே புதியவர், அவர்களே வீட்டுக்குரியவர். வீட்டுக்குரியவருக்கு அடுப்பங்கரையில் ஒரு சொல் உண்டல்லவா? முடிந்தவர் பட்டாணி உரிக்கட்டும், பூண்டு தோலை நீக்கட்டும், மாவை உருட்டட்டும். அதுவும் இயலாதவர் வறுத்த சீரகத்தின் மணத்தை முகர்ந்து பார்க்கட்டும். உப்புப் பதம் சொல்லட்டும். ஆண்டுக்கணக்கில் பிறர் கையிலிருந்து பெற்றே வாழ்பவருக்கு, ஒரு நாளேனும் தாமும் கொடுத்தோம் என்னும் மனநிறைவு வாய்க்குமாயின் அதுவே அவ்விழாவின் உரிப்பொருள்.

பதமறிந்து படைத்தல்

அன்பு மட்டும் இருந்தால் போதாது; அறிவும் வேண்டும். முதுமையில் மோப்பமும் சுவையுணர்வும் மங்குகின்றன. மருந்துகள் சில வாயை உலர்த்துகின்றன. உப்பைக் கூட்டாமலே உணவை மணமுள்ளதாக்கும் ஆற்றல் நம் சீரகத்துக்கும் மல்லிக்கும் இஞ்சிக்கும் உண்டு. பசியின்றிக் கிடப்பவரும் தாளிக்கும் மணத்துக்குத் தலைநிமிர்வர். கறியின் உண்மைச் சிறப்பு இம்மணத்தில் உள்ளது. மிளகாயின் உறைப்பில் இல்லை. உறைப்பு நெஞ்செரிச்சல் உள்ளோரை வருத்தும்.

இன்னும் பெரிய இடர் விழுங்குதலில் உள்ளது. விழுங்கும் ஆற்றல் குன்றியோருக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பகுக்கும் பன்னாட்டு முறை ஒன்றை ஆஸ்திரேலிய இல்லங்கள் 2019 முதல் பின்பற்றி வருகின்றன. ஐந்தாம் படிக்குரிய உணவுத் துணுக்கின் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. ஆறாம் படியில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம். நாம் எளிய உணவென்று கருதும் இரசம் சோறு இவர்களுக்கு ஆபத்தானது. நீர் ஒரு பக்கமும் பருக்கை ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். உதிரிச் சோறும் நொறுங்கும் அப்பளமும் அத்தகையனவே. கறிவேப்பிலை, கிராம்பு, ஏலக்காய், எலும்புச் சில்லு ஆகியவற்றைப் பரிமாறுமுன் எடுத்துவிட வேண்டும். யார் எந்தப் படியினர் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் வகுத்திருப்பார். அவ்வரையறையை விழாவின் உற்சாகத்தில் மீறுதல் கூடாது.

இதனால் மனந்தளர வேண்டுவதில்லை. நம் சமையலிலேயே இவர்களுக்கு ஏற்றவை பல உள்ளன. குழைய வெந்த பருப்பு உண்டு. மசித்த பூசணிக் கூட்டு உண்டு. பள்ளிவாசல் தோறும் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைக் காட்டிலும் மென்மையும் ஊட்டமும் ஒருங்கே அமைந்த உணவு எது? அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அக்கஞ்சியை உரிய பதத்துக்கு அரைத்துக் கெட்டியாக்கிக் கொடுத்தால், பல்லில்லாதவரும் பிறருடன் ஒரே விருந்தில் அமரலாம். மற்றவர் பிரியாணி உண்ண, அவருக்கு மட்டும் பெயர் தெரியாத கூழை வைப்பது பந்தியில் ஒதுக்குவதற்கு ஒப்பாகும்.

ஹலால் பற்றியும் ஒரு சொல். இந்திய உணவு என்பதாலேயே முஸ்லிம் முதியவர் அதனை உண்ணலாம் என்று மேலாளர் எண்ணிவிடக்கூடும். இறைச்சி எங்கு வாங்கப்பட்டது, இனிப்பில் உள்ள ஜெலட்டின் எதனால் ஆனது, கரண்டி எதில் தோய்ந்தது என்பவற்றைக் கேட்டறிந்து சொல்லும் பொறுப்பு நம் பிள்ளைகளுடையது. மரக்கறி மட்டும் உண்ணும் இந்துப் பெரியவருக்காகவும் அதே கவலையுடன் கேட்க வேண்டும். வைத்த உணவை உண்ணாமல் விட்டுவிடும் உரிமையும் முதியவருக்கு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்பது நாம் அறிந்த நபிமொழிச் செய்தி. "ஒரு வாய் உண்ணுங்கள், படம் எடுக்க வேண்டும்" என்று வற்புறுத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுநாள் என்னும் சோதனை

விருந்தின் உண்மையை அளக்க ஒரு கோல் உண்டு. அது மறுநாள் உணவு.

ஆஸ்திரேலிய இல்லங்களில் உணவுப் பொருளுக்காக ஒருவருக்கு நாளொன்றுக்குச் செலவிடப்படும் தொகை சராசரியாக 6 டாலர் 8 சென்ட் என்று 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று வெளிப்படுத்தியபோது அந்நாடே நாணியது. முதியோர் பராமரிப்பை ஆராய 2018-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் தன் இடைக்கால அறிக்கைக்கு 'புறக்கணிப்பு' என்றே பெயரிட்டது. இல்லவாசிகளில் 68 விழுக்காட்டினர் வரை ஊட்டச்சத்துக் குறைந்தோர் அல்லது அந்நிலைக்கு ஆட்படக்கூடியோர் என்னும் கணிப்பையும் அவ்வாணையம் எடுத்துக்காட்டியது. 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை வெளியான பின், அவ்வாண்டு ஜூலை முதல் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் கூடுதல் தொகையை அரசு வழங்கலாயிற்று. புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வந்த தரவிதிகளில் உணவுக்கும் ஊட்டத்துக்கும் தனி விதியே உண்டு. புகழ்பெற்ற சமையற்கலைஞர் மேகி பீர் இதற்கெனவே 2014-இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, இல்லச் சமையற்காரர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறார். ஆண்டில் ஒரு நாள் கறியும், எஞ்சிய நாட்களில் ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியலுமாக இருப்பின், அந்த ஒரு நாள் வறுமையை மறைக்கும் திரையாகவே அமையும்.

மேலும், அந்நாட்டு முதியோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வெள்ளையர் ஆஸ்திரேலியக் கொள்கையின் எச்சங்கள் 1973-இல் நீக்கப்பட்ட பின் அங்குக் குடியேறிய ஈழத் தமிழரும் இந்தியரும் இன்று முதுமை எய்தி இல்லங்களுக்கு வருகின்றனர். மறதிநோய் முற்றும்போது பின்னர் கற்ற ஆங்கிலம் பலருக்கு மறைந்து தாய்மொழியே எஞ்சுகிறது. அத்தகைய ஒரு தமிழ் மூதாட்டிக்குக் கறி ஒரு விழாப் பொருளா? அது அவர் நாள்தோறும் உண்ட சோற்றின் துணை. அவருக்கு அதனை ஓர் இரவில் மட்டும் காட்டி மீண்டும் எடுத்துக்கொள்வது கொடுமையன்றோ?

இது இன்றைய சிக்கல் மட்டும் அன்று. அடிலெய்டு நகரில் 1888–89-ஆம் ஆண்டுகளில் எழுந்த பள்ளிவாசலை நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். ஒட்டகங்களுடன் சென்று அந்நாட்டின் பாலை நிலத்துக்குச் சரக்குப் போக்குவரத்தை ஏற்படுத்தித் தந்த முஸ்லிம்கள் அதனை எழுப்பினர். பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து எனப் பல நிலத்தைச் சேர்ந்த அவர்களை 'ஆப்கானியர்' என்னும் ஒரே பெயரால் அந்நாடு அழைத்தது. மோட்டார் வண்டி வந்து அவர்தம் தொழில் நலிந்தது. 1901-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ குடும்பத்தை அழைத்துவரத் தடையாய் நின்றது. முதுமையுற்ற சிலர் அப்பள்ளிவாசலை ஒட்டிய சிறு குடில்களில் தம் இறுதி நாட்களைக் கழித்தனர். உழைத்த நாடு அவர்களை விருந்தினராகவும் ஏற்கவில்லை, வீட்டாராகவும் ஏற்கவில்லை. அவர்கள் போன்றோருக்கு ஊர்ச் சமையல் என்பது ஒரு மாலைப்பொழுதின் கேளிக்கையாக இருந்திருக்க முடியாது.

ஆகவே கறி விருந்தை நடத்துவோர் மறுநாள் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். யார் எதனை விரும்பி உண்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் இரண்டையேனும் வாரந்தோறும் வரும் பட்டியலில் சேர்க்குமாறு மேலாளரிடம் கோர வேண்டும். வேற்றுநாட்டில் பிறந்த முதியவரின் குடும்பத்தாரை வினவி, அவர் நாள்தோறும் உண்டுவந்த உணவை எழுதி அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் இணைக்கச் செய்ய வேண்டும். இவற்றுக்குத் தோரணம் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

நம்மை நோக்கி ஒரு வினா

"பெற்றோரை இல்லத்தில் விடுவது அவர்கள் நாட்டு வழக்கம், நமக்கு அந்தக் கவலை இல்லை" என்று சிலர் கூறக் கேட்கிறோம். பெற்றோரைப் பேணுமாறு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007-இல் நம் நாடே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்ததை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். நம் நகரங்களிலும் முதியோர் இல்லங்கள் உள்ளன. பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் அங்குச் சென்று விருந்தளிக்கும் நற்பழக்கமும் உள்ளது. ஆனால் நெய் மிதக்கும் பிரியாணியைச் சர்க்கரை நோயாளிக்கும் பல்லில்லாதவருக்கும் ஒரே அளவில் வைத்து, கொடையாளர் வரும்வரை அவர்களைக் காக்கவைத்து, வந்தபின் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் காட்சியையும் காண்கிறோம். கறி இரவின் குறை அங்கே; பிறந்தநாள் விருந்தின் குறை இங்கே. இரண்டுக்கும் வேர் ஒன்றே. கேட்காமல் கொடுப்பதே அவ்வேர்.

உண்பவரின் முகத்தை நோக்கியே உபசரிக்க வேண்டும் என்பதை வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்சப் பூவைக் காட்டி உணர்த்தினார். நம் முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் உள்ளம் வாடும் என்றால், அவர் முகத்தைப் பாராமலே பரிமாறும் விருந்தை என்னென்பது?

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். முன்பின் அறியாத முதியவர் ஒருவருக்கு உணவூட்டும் பணி உங்கள் கைக்கு வரும். அதனைத் தாழ்ந்த வேலை என்று கருதாதீர்கள். வீட்டிற்குக் கூறாமல் மறைக்கவும் செய்யாதீர்கள். கறி இரவை நடத்துமாறு உங்களைக் கேட்டால் மகிழ்ந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் மசாலாவை வாங்கச் செல்லுமுன் முதியவர் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அவர் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுச் சமையுங்கள். மறுநாளும் அவர் தட்டை எட்டிப் பாருங்கள்.